தையல் பிரித்தல்: கருவியா, கையா, தையலா?

தையற்கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு கூலி உண்டு. சாதா ரவிக்கைக்கு ஒன்று, லைனிங் வைத்தால் ஒன்று, பைப்பிங், காஜா, ஹெம்மிங், புடவை ஃபால்ஸ் என்று தனித்தனியே எழுதி மாட்டியிருப்பார்கள். பிரிப்பதற்கு மட்டும் அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இருக்காது. "இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தரணும்" என்று பழைய துணியை நீட்டினால், புதுத்துணி தைக்கிற பல கடைகளில் "ஆல்டரேஷன் கடையில குடுத்திருங்க" என்றுதான் பதில் வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கும் இதே கதைதான். செக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வந்த ஆல்டர் பீஸைப் பிரித்துத் தைக்கிற நேரம் அவர் கூலியில் ஏறாது. தையல் சொல்லித்தரும் புத்தகங்களும் தைப்பதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, பிரிப்பதற்குக் கருவிகள் படத்தின் ஓரத்தில் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன.

இவ்வளவு அலட்சியத்துக்கு நடுவிலும் விடாமல் நடக்கிற விவாதம் ஒன்று உண்டு: எந்தக் கருவி நல்லது? சீம் ரிப்பர் என்பார் ஒருவர். பாதி பிளேடுக்கு ஈடு எதுவும் இல்லை என்பார் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். டிரிம்மர் போதும் என்பார் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். ஊசிமுனையைத் தவிர வேறெதையும் பட்டுக்குப் பக்கத்தில் விடமாட்டேன் என்பவரும் இருக்கிறார். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் கையில் இருக்கிற துணிக்குச் சரி. பனியனைப் பிரிப்பவரும் காஞ்சிபுரம் புடவையில் ஃபால்ஸை எடுப்பவரும் செய்வது ஒரே வேலை அல்ல. கருவியைத் தேடுவதற்கு முன்னால், துணியில் ஓடுவது எந்த வகைத் தையல், நூல் எதில் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைத் தைத்தவர் தைத்த அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கருவியை மட்டும் பேசுவதால்தான் விவாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தையல்களை வகைப்படுத்த ஐஎஸ்ஓ 4915 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. 100 முதல் 600 வரை ஆறு வகுப்புகள். ஒற்றை நூல் சங்கிலித் தையல் 101, வீட்டு மெஷினில் விழும் பூட்டுத் தையல் 301, இரட்டை நூல் சங்கிலி 401, மூன்று நூல் ஓவர்லாக் 504, டி-சட்டையின் அடிமடிப்பில் காண்கிற பேட்லாக் வகைகள் 400, 600 வரிசைகளில். எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே இழுப்பில் வருவது, வெட்டி வெட்டி எடுக்க வேண்டியது, ஊசி நூலை உருவினால் மற்றவை தாமே உதிர்வது என்று மூன்று குடும்பங்களாக நினைத்துக்கொண்டால் பிரிப்பவருக்குப் போதும்.

ஒரே இழுப்பில் வருவது

சங்கிலித் தையலில் ஒவ்வொரு கண்ணியும் அதற்கு முந்திய கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. அந்த முனையை விடுவித்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடும். தொடங்கிய முனையிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது, இன்னும் இறுகும். அரிசி மூட்டையின் வாய் ஒரு நாள் ஒரே இழுப்பில் திறப்பதும், இன்னொரு நாள் கத்தி எடுக்க வைப்பதும் இதனால்தான். மூட்டையில் குறை இல்லை, நாம் பிடித்த முனைதான் தவறு. ஒரு முனையில் வரவில்லையென்றால் கத்தியைத் தேடாமல் மறுமுனைக்குப் போக வேண்டும்.

புதுச் சட்டையில் தொங்கும் ஒரு நூலை இழுத்ததும் பட்டன் கையோடு வருவதும் இதே கணக்குத்தான். பட்டன் வைக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை ஒற்றை நூல் சங்கிலியில் தைப்பவை. ஆரி வேலையும் சங்கிலித் தையலே. கொக்கி ஊசி துணிக்கு அடியிலிருந்து நூலை மேலே இழுத்துக் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகிறது. கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து அதை மட்டும் வெட்டினால் ஒரு கொடி முழுவதையும் நூல் அறாமல் உருவிவிடலாம். கல்யாண ரவிக்கையின் கையில் ஒரு மாங்காய் பிசகிவிட்டது என்று கத்தரியை எடுத்து நடுவில் வெட்டுகிறவர்கள் பக்கத்துக் கொடியையும் சேர்த்து இழக்கிறார்கள். ஜர்தோசிக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனியே அடியிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் தையலுக்குப் பழைய வரலாறு உண்டு. பிரான்ஸில் பார்த்தெலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் சங்கிலித் தையல்தான் போட்டது. ராணுவ உடுப்பு தைக்கப் பாரிஸில் அவர் வைத்த பட்டறையை, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் புகுந்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிப்ஸ் 1857இல் ஒற்றை நூல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எளிய, சத்தம் குறைந்த மெஷின் அது. ஆனால் முனை அவிழ்ந்தால் முழுத் தையலும் போய்விடும் என்ற குறை அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஊசிமுனையில் கண்ணும் அடியில் ஓடமும் கொண்டு எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற பூட்டுத் தையல்தான் வீடுகளுக்குள் நுழைந்து நிலைத்தது. எளிதில் பிரியாது என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமைதான் பிரிக்க உட்காருகிறவருக்குத் தொல்லை.

ஜீன்ஸ் பற்றி ஒரு சொல். அதன் அடிமடிப்பு பெரும்பாலும் இரட்டை நூல் சங்கிலி. உட்பக்கம் தடித்துத் தெரிகிற லூப்பர் நூலைத் தையல் முடிந்த முனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். நீளம் குறைக்கக் கொடுத்த இடத்தில் இதை ரிப்பரால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு ஜீன்ஸ் பழக்கமில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பூட்டைத் திறப்பது

வீட்டு மெஷின், கடை மெஷின், கம்பெனியில் சிங்கர் டெய்லர் ஓட்டும் மெஷின் எல்லாம் போடுவது பூட்டுத் தையல். மேல் நூலும் பாபின் நூலும் துணியின் தடிப்புக்கு நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு தையலும் ஒரு பூட்டு. ஒரு நூலை முனையிலிருந்து இழுத்தால் நாலைந்து பூட்டுகளைத் தாண்டியதுமே உராய்வு கூடி, துணி சுருங்கும், அல்லது நூல் அறும். ஆகவே ஒரு பக்கத்து நூலைத் துண்டு துண்டாக்கிவிட்டு மறுபக்கத்து நூலை முழுசாக உருவ வேண்டும். இங்கே இருக்கும் நுட்பம் இவ்வளவுதான், ஆனால் செய்கிற விதத்தில் நிறைய வித்தியாசம்.

எத்தனை தையலுக்கு ஒரு தடவை வெட்டுவது? சாதாரணத் தையலில் ஒரு தையல் 2.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்குப் பத்து. நாலு தையலுக்கு ஒரு வெட்டு என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று. பருத்திக்கும் பாலியெஸ்டர் கலப்புக்கும் இது போதும். மெல்லிய துணியென்றால் மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு தையலையும் வெட்டுவது பத்திரம் என்று நினைப்பது தவறு. வெட்டு கூடக்கூடத் துணியில் முனை படும் வாய்ப்பும் கூடுகிறது, துணுக்குகளும் கூடுகின்றன. வெட்டிய பிறகு மறுபக்கம் திருப்பி, நூலை மேல்நோக்கித் தூக்காமல் தையல் ஓடும் திசையிலேயே துணியோடு படுக்கவைத்து இழுக்க வேண்டும். தூக்கினால் துணியின் இழையும் சேர்ந்து எழும்.

எந்தப் பக்கத்தை வெட்டுவது? உட்பக்கத்தை வெட்டு என்று பலரும் சொல்கிறார்கள். முனை தவறினாலும் கீறல் வெளியே தெரியாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மெஷினின் டென்ஷன் சரியாக இருந்தால்தான் பூட்டு நடுவில் விழும். மேல் நூல் தளர்ந்திருந்தால் பூட்டு அடிப்பக்கம் இறங்கி, பாபின் நூல் வளையாமல் நேர்கோடாகக் கிடக்கும். அப்படிக் கிடக்கிற நூலை எந்த வெட்டும் இல்லாமல் நீளமாக உருவிவிடலாம். நம் ஊரில் எல்லா மெஷினும் டென்ஷன் சரியாக ஓடுவதில்லை என்பது இந்த ஓர் இடத்தில் மட்டும் நமக்குச் சாதகம். இதையே வேண்டுமென்றும் செய்யலாம். அளவு பார்க்கப் போடும் தற்காலிகத் தையலுக்கு மேல் டென்ஷனைத் தளர்த்தி, தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்குக் கூட்டி, பாபினில் வேறு நிறத்து நூலைச் சுற்றிவிட்டால் பார்த்து முடித்ததும் ஒரே இழுப்பு. கையால் நூலோட்டுவதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்திய இடம்தான் கடினம். ஒரே துளையில் இரண்டு மூன்று நூல் விழுந்திருக்கும். பலர் அங்கே தொடங்கித் துணியைக் கிழிக்கிறார்கள். நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் தளர்த்திக்கொண்டு வந்து, கெட்டித் தையலைக் கடைசியில் எடுப்பதே நல்லது. கொஞ்ச இடம் மட்டும் பிரித்து மூடப் போகிறோம் என்றால் அதைத் தொடாமலே விட்டுவிடலாம்.

கருவிகளின் சண்டை

சீம் ரிப்பருக்கு இரண்டு கொம்பு. நீண்டது கூர்முனை, குட்டையானதின் நுனியில் சிறு குமிழ், பெரும்பாலும் சிவப்பு. வெட்டும் வாய் இரண்டுக்கும் நடுவே இருக்கிற வளைவில் இருக்கிறது. இந்தக் குமிழ் எதற்கு என்பதில் இணையத்தில் ஆளுக்கொரு வீடியோ போட்டுச் சண்டை. கூர்முனையை ஒவ்வொரு தையலுக்கும் அடியில் நுழைத்து எடுப்பது ஒரு முறை. அதற்குக் குமிழால் பயன் குறைவு. இரண்டு துணியையும் விரித்துப் பிடித்து, குமிழைத் தையலுக்குள் விட்டு, அது துணிமேல் வழுக்கிக்கொண்டு போக வளைவில் நூல்கள் வரிசையாக அறுபடுமாறு தள்ளுவது இன்னொரு முறை. இதில் துணியைக் காப்பது குமிழ்தான். கூர்முனையைக் கீழே வைத்து இதைச் செய்தால் இரண்டு அடி போவதற்குள் துணியைக் குத்தும். எனவே குமிழ் எப்போதும் கீழே என்றோ மேலே என்றோ விதி கிடையாது, செய்கிற முறையைப் பொறுத்தது. வேகத்துக்கு இரண்டாவது முறை, பத்திரத்துக்கு முதலாவது. பழைய, நைந்த துணியில் இரண்டாவதை யோசிக்கவே கூடாது. புதிதாக எடுத்த காஜாவை வெட்டித் திறக்க ரிப்பரைப் பயன்படுத்துகிறவர்கள், காஜாவின் கோடியில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிட்டு வெட்டினால் அது எல்லை தாண்டாது.

ரிப்பர் மழுங்கும் என்பதைப் பலர் ஒப்புக்கொள்வதே இல்லை. மெஷின் வாங்கும்போது கூட வந்ததைப் பத்து வருஷம் வைத்திருப்பார்கள். மழுங்கிய ரிப்பர் நூலை வெட்டாது, இழுத்து அறுக்கும். கூடுதல் விசை கொடுக்கிறோம், நூல் திடீரென்று விட, முனை துணிக்குள் பாய்கிறது. ரிப்பர் செய்த கிழிசல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மழுங்கல் செய்தது. அந்த வளைவைச் சாணை பிடிக்கவும் முடியாது. மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

பிளேடின் கதை வேறு. இரண்டு துணியையும் இறுக்கி விரித்து, தெரிகிற நூல் வரிசையில் பாதி பிளேடை வைத்து இழுத்தால் ஒரு முழத்தையலைச் சில நொடிகளில் பிரித்துவிடும் கை, பழைய கடைகளில் இருக்கிறது. பழகியவர் கையில் அதற்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது துணிக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் இடம்கூடத் தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் திறந்த பிளேடு மேஜையில் கிடக்க அனுமதி இல்லை. டிரிம்மர்களைக்கூட எண் போட்டுக் கயிற்றால் கட்டிவைப்பார்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்துப் பதிவேட்டில் ஒட்டும்வரை அந்த மெஷின் ஓடாது. குழந்தை உடுப்புக்குள் ஓர் இரும்புத் துணுக்கு போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்தக் கெடுபிடி புரியும்.

மருத்துவமனையிலும் தையல் பிரிக்கிறார்கள். வளைந்த வாயுள்ள 12ஆம் எண் பிளேடும், ஒரு அலகில் சிறு கொக்கி வைத்த கத்தரியும் அதற்கென்றே இருக்கின்றன. அவர்கள் விதி தெளிவானது: முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் வெட்டி, வெளியே கிடந்து அழுக்கான பகுதி உள்ளே போகாதபடி மறுபக்கமாக இழுக்க வேண்டும். எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் இழுப்பது என்று இழுப்பதற்கு முன்னாலேயே தீர்மானிக்கும் இந்த ஒழுங்கு தையற்கடைக்கும் பொருந்தும்.

பட்டுக்கு வருவோம். கையால் தைத்த ஃபால்ஸில் ஒவ்வொரு தையலும் புடவையின் ஓரிரு இழையைத்தான் பிடித்திருக்கும், ஃபால்ஸில்தான் நூல் நீளமாக ஓடும். வெட்டுவதெல்லாம் ஃபால்ஸ் பக்கம்தான். ஃபால்ஸ் கிழிந்தால் வேறு வாங்கலாம். நூலை மொத்தையான ஊசியால் நெம்பித் தூக்கி, சிறு கத்தரியால் வெட்டி, துணுக்கைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். ரிப்பரின் முனை ஒரு ஜரிகை இழையில் மாட்டினால் அந்த இழை பார்டர் நெடுகச் சுருங்கி வரும். மெஷினில் தைத்த ஃபால்ஸைப் பட்டிலிருந்து எடுக்கும்போது நேர்கோட்டில் ஊசித் துளைகள் மிஞ்சும். பட்டுப் புடவைக்குக் கைத்தையல் ஃபால்ஸ்தான் வேண்டும் என்று பாட்டிமார் அடம்பிடித்ததில் காரணம் இருந்தது.

உதிர்வதும் உதிராததும்

ஓவர்லாக்கைப் பார்த்ததும் பலருக்கு மலைப்பு. ஓர் அங்குலப் பூட்டுத் தையலுக்குச் சுமார் இரண்டரை அங்குல நூல் செலவாகிறது என்றால் மூன்று நூல் ஓவர்லாக்குக்குச் சுமார் 14 அங்குலம். இவ்வளவையும் எடுக்க வேண்டுமே என்ற பயம். உண்மையில் இது எளிது. துணியில் நேர்கோடாக ஓடும் ஊசி நூல் ஒன்றுதான் பிடிமானம். அதைச் சில தையலுக்கு ஒரு தடவை வெட்டி உருவினால் லூப்பர் நூல்கள் இரண்டும் பிடி இழந்து ஓரத்திலிருந்து கழன்றுவிடும். நாலு நூல் ஓவர்லாக்கில் ஊசி நூல் இரண்டு, அவ்வளவே வித்தியாசம். லூப்பர் நூலை ஓரமாக வெட்டிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் ஒரு கைப்பிடி பஞ்சோடு உட்கார்ந்திருப்பார்கள்.

எம்பிராய்டரியும் பார்டாக்கும்தான் உண்மையில் கடினம். ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் பார்டாக் மெஷின் ஒரு விரலகலத்துக்குள் 28 அல்லது 42 தையலை அடுக்கிவிடுகிறது. அங்கே துணியின் உட்பக்கமிருந்து பாபின் நூலைச் சுரண்டி அறுத்துவிட்டு, மேற்பக்கம் வந்து நெம்பி எடுப்பதைத் தவிர வழியில்லை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கும் இதுவே முறை. அதற்கென்று முடிவெட்டும் கிளிப்பர் மாதிரியான மின்கருவி விற்கிறது. அடியில் இருக்கும் காகிதத் தாங்கலைத் தொட்டபடி பாபின் நூலை மட்டும் மழித்துக்கொண்டு போகும். வாரத்துக்குப் பத்து லோகோ பிரிக்கிற கடைக்கு அது லாபம், வீட்டுக்குத் தேவையில்லை. வெட்டித் திறந்த காஜாவைப் பிரிப்பது பற்றிப் பேசவே வேண்டாம். அது முடிந்த கதை.

பிரித்தபின் மிஞ்சுவது துணுக்கும் துளையும். துணுக்குக்கு ஒட்டும் டேப் போதும். பென்சில் ரப்பரால் தேய்த்தாலும் திரண்டு வரும். துளைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, நகத்தால் நெடுக்கும் குறுக்கும் நீவி, ஆவி பட இஸ்திரி போட்டால் பருத்தியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நெருங்கி நெய்த பட்டிலும் சாட்டினிலும் மூடாது. தோலிலும் ரெக்ஸினிலும் மழைக்கோட்டுத் துணியிலும் ஒருபோதும் மூடாது. அவற்றைப் பிரிப்பது எப்படி என்று கேட்பதில் பயனில்லை, ஒரே தடவையில் தைத்தாக வேண்டும். பனியன் துணியில் வேறு சிக்கல். கூர் ஊசியால் தைத்திருந்தால் பின்னல் கண்ணி அறுந்திருக்கும். நூல் இருக்கும்வரை தெரியாது, பிரித்ததும் ஏணிபோல ஓடும். உருண்டை முனை ஊசியால் தைத்திருந்தால் கண்ணிக்கு நடுவே ஊசி விலகிப் போயிருக்கும், ஒன்றும் ஆகாது. பிரிக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இங்கே அவரால் செய்ய ஏதுமில்லை.

கருப்புத் துணியில் கருப்பு நூல் பற்றியும் சொல்லியாக வேண்டும். பகல் வெளிச்சம், அதுவும் பக்கவாட்டில் விழும் வெளிச்சம், எந்தக் கருவியைவிடவும் உதவும். மார்க் போடும் வெள்ளைச் சாக்கைத் தையல்மேல் லேசாகத் தேய்த்தால் மேடாக நிற்கும் நூல் வெளுத்துத் தெரியும்.

பிரிக்கவென்றே தைத்தவை

ஜப்பானியக் கிமோனோ, தைக்கும்போதே பிரிக்கப்படுவதை எதிர்பார்க்கிற உடை. சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருள் துணியை நேர்கோடுகளில் எட்டுத் துண்டாக வெட்டி, கையால் ஓட்டுத் தையல் போட்டு இணைப்பார்கள். அதிகத் துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துவிடுவார்கள். நல்ல கிமோனோவைத் துவைக்க வேண்டுமென்றால் முழுதும் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளமாக இணைத்து, அலசி, கஞ்சியிட்டு, விறைப்பாக விரித்து உலர்த்தி, மீண்டும் தைப்பார்கள். அராய்ஹரி என்று அதற்குப் பெயர். மகளுக்கு அளவு மாற்றுவதும், நைந்த பகுதியை உள்ளே தள்ளுவதும் அந்தச் சமயத்திலேயே நடக்கும். பூட்டுத் தையல் மெஷினில் இதைத் தைத்தால் மொத்த ஏற்பாடும் குலைந்துபோகும்.

நம்மிடமும் இந்த அறிவு இருந்தது, சின்ன அளவில் இன்னும் இருக்கிறது. ரவிக்கையின் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று வரிசை ஓடும். உள்ளே துணியும் விட்டிருப்பார்கள். உடம்பு போட்டால் உள்வரிசையைப் பிரிக்க வேண்டியது, அடுத்த வரிசை தயாராக நிற்கிறது. ஒரு வரிசை பிரித்தால் ஒரு பக்கத்தில் முன்துணியில் கால், பின்துணியில் கால் ஆக அரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம் கிடைக்கும். புதிதாகத் தைக்கத் தேவையில்லை, பிரித்தாலே போதும். கல்யாணம், பிரசவம், அதற்குப் பிறகான வருஷங்கள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத் தைத்த முறை இது. பள்ளிச் சீருடைப் பாவாடையின் அடியில் நாலு விரல் மடிப்பு வைத்ததும், பேன்ட்டின் பின்தையலில் தாராளமாகத் துணி விட்டதும் அதே கணக்கு. சட்டைக் காலர் மடிப்பில் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துத் தரும் வேலை ஒரு காலத்தில் எல்லா ஊர்களிலும் நடந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்கு ரேஷன் வந்தது, 1949 வரை நீடித்தது. 1943இல் அரசாங்கமே வெளியிட்ட கையேடு, பழைய உடையைப் பிரித்துப் புதியது தைப்பதை வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் வயல்வேலை உடுப்புகளைப் பிரித்துப் போர்வைகள் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டனில் தொடங்கி நியூயார்க் விட்னி அருங்காட்சியகம்வரை அந்தப் போர்வைகள் காட்சிக்குப் போயின. வெளுத்த நீலத்துக்கு நடுவே அடர்நீலச் சதுரங்கள் சிலவற்றில் தெரியும். பாக்கெட்டைப் பிரித்து எடுத்த இடம் அது, வெயில் படாத துணி. வங்காளத்தில் காந்தா தைத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பழம்புடவையின் கரையிலிருந்து உருவிய வண்ண இழைகளே அவர்களுக்குத் தையல் நூல்.

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கால் அங்குலத் தையல் விளிம்பு, அதிலும் பல துண்டுகள் சாய்வாக வெட்டியவை. அவற்றை இழுத்துப் பிரித்தால் நீண்டுவிடும், மறுபடி பொருந்தாது. அங்கே வெட்டித்தான் எடுக்க வேண்டும், இழுக்கவே கூடாது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு என்றால் அடிப்பக்கத்து நூலை வெட்டி மேல் நூலை மெதுவாக உருவ வேண்டும். வேகமாக இழுத்தால் உள்ளே இருக்கிற பஞ்சு துளை வழியே வெளியே வரும்.

பிரிக்க முடியாத உடைகள்

இப்போது விற்கிற ரெடிமேட் உடைகளில் பெரும்பகுதி பிரிக்க இயலாதபடி தைக்கப்படுகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கணக்குத்தான். ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே விளிம்பைக் கத்தியால் சீவிவிடும். உள்ளே விடுகிற ஒவ்வோர் அரை அங்குலமும் ஆயிரக்கணக்கான உருப்படிகளில் பெருகி மீட்டர்களாகும், கம்பெனி அதை விடாது. ஆகவே பெரிதாக்கத் துணி இல்லை. நூலோ பாலியெஸ்டர். முன்பு பருத்தி நூல் துணிக்கு முன்னால் அறுந்து துணியைக் காத்தது. இன்று துணி நைந்த பிறகும் நூல் அறாமல் நின்று துணியைக் கிழிக்கிறது. ஒரு ரெடிமேட் குர்த்தியை இரண்டு அங்குலம் பெரிதாக்கித் தரச் சொல்லி ஆல்டரேஷன்காரரிடம் போனால் அவர் கையை விரிப்பது திறமையின்மையால் அல்ல.

இதன் விலை குப்பையில் தெரிகிறது. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட் நேராக நூற்பாலைக்குப் போய் மறுபடி நூலாகிறது, ஏனென்றால் அதில் தையல் இல்லை. உடுத்திக் கழித்த உடை அப்படிப் போக முடியாது. உலகின் பழந்துணி வந்து குவிகிற ஹரியானாவின் பானிபட்டில் பட்டனையும் ஜிப்பையும் லேபிளையும் தையலையும் கையால் அறுத்து நீக்கிய பிறகுதான் துணி அரைக்கும் மெஷினுக்குப் போகிறது. 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பழந்துணியைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சேகரித்ததைப் பிரிப்பது யார் என்ற கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது. பெல்ஜியத்தின் ரிசார்டெக்ஸ் என்ற நிறுவனம், 150 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடேறினால் வலுவிழக்கும் தையல் நூலைச் செய்கிறது. அதனால் தைத்த உடையைப் பெரிய வெப்ப அறையில் போட்டால் தையல் தானே விட்டுவிடும். மைக்ரோவேவ் அலையில் வலுவிழக்கும் நூலை பிரிட்டனில் ஒரு நிறுவனம் உருவாக்கியது. தண்ணீரில் கரையும் பிவிஏ நூல் ஏற்கெனவே தற்காலிகத் தையலுக்குக் கடைகளில் கிடைக்கிறது. இவை எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் வெப்ப அறை துணியை மூலப்பொருளாக மாற்றத்தான் உதவும். ஒரு ரவிக்கையை ஓர் அங்குலம் பெரிதாக்கி இன்னும் மூன்று வருஷம் உடுத்த, உள்ளே விட்ட துணியும் நீளமான தையலும் ஒரு கூர்மையான ரிப்பரும் போதும்.

ஆகவே வாங்கும்போது உடையைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். தையலுக்கு வெளியே ஒரு விரல் துணியாவது இருக்கிறதா என்று பாருங்கள். தைக்கக் கொடுக்கும்போது பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், துணி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். பட்டுக்கு ஃபால்ஸ் என்றால் கைத்தையலைக் கேளுங்கள். பிரித்துத் தைக்கக் கொடுக்கிறபோது, பிரிக்கிற வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். தைப்பதைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.